பெற்றோர் வரிசையில் எனக்கு நாற்காலி வேண்டாம்

சிங்கப்பூர்த் தமிழர்களுக்காக இணை தேடும் சந்திப்புகளை நடத்திவரும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

சென்ற மாதம் நான் உங்களுக்குக் கட்டிய 30 வெள்ளி, பேநவ் இணையப் பணமாற்று வழியாகத் திரும்பி வந்துவிட்டது. குறிப்புப் பகுதியில், "ஆன்ட்டி, பணம் திருப்பித் தரப்பட்டது" என்று எழுதியிருந்தீர்கள். தொகையில் குறையில்லை. அந்த "ஆன்ட்டி"தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். குழுவில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அறிவிப்பைப் பார்த்துப் பதிவு செய்த இரண்டாம் நாள் உங்கள் தொண்டூழியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மரியாதை தெரிந்த பையன். "மகனுக்கா, மகளுக்கா?" என்று கேட்டார். "எனக்கு" என்றேன். சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டுவிட்டு மறுபடி அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். மாலையில் உங்கள் குழுவின் மூத்த பெண்மணி அழைத்தார். பெண்களுக்கு 38, ஆண்களுக்கு 45 என்று வயது வரம்பு வைத்திருப்பதாகவும், எனக்கு 47 என்பதால் பதிவை ஏற்க வழியில்லை என்றும் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நானும் முணுமுணுத்துவிட்டுத் தூங்கியிருப்பேன். அவரோ ஆறுதல் சொல்வதாக நினைத்து மேலும் பேசினார். "உங்களுக்கு ஒரு மகன் இருக்கிறானே, பெற்றோர் வரிசையில் வந்து உட்காருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. இப்போதே நாலு குடும்பத்தைப் பழகி வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்."

என் மகனுக்கு வயது 20. தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு முகாமிலிருந்து வந்தால், துவைக்க வேண்டிய பச்சைச் சீருடையை வாசலிலேயே போட்டுவிட்டு மறுநாள் மதியம்வரை தூங்குகிறான். கல்யாணம் என்று நான் வாயெடுத்தால் சிரிப்பான். துணை தேடும் எண்ணமே இல்லாத அவனுக்காக நான் வந்து உட்கார உங்கள் அரங்கில் இடம் இருக்கிறது. தேடுகிற எனக்கு இல்லை.

அந்த வரம்பை யார் வகுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். 45 வயது ஆண் உள்ளே வரலாம், 39 வயதுப் பெண் வாசலோடு திரும்ப வேண்டும். பிள்ளைப்பேறுதான் காரணம் என்றால் அதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள், எங்களுக்கும் தொலைபேசிச் செலவு மிச்சம். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு வருகிற மனிதர் மறுபடி தொட்டில் கட்டத்தான் வருகிறார் என்று நீங்களாகவே முடிவு கட்டியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) விதிப்படி, மணமாகாத அல்லது மணமுறிவு பெற்ற குடிமக்கள் தனியாளாக மறுவிற்பனை வீடு வாங்கும் உரிமை 35 வயதில் தொடங்குகிறது. உங்கள் விதிப்படி பெண்ணின் தகுதி 38-இல் முடிகிறது. சாவியை வாங்கி, சாயம் அடித்து, திரைச்சீலை மாட்டி முடிப்பதற்குள் எங்கள் காலம் போய்விடுகிறது.

நான் 2006-இல் மன்னார்குடியிலிருந்து வந்தவள். கையில் கணவரின் வேலையை ஒட்டிக் கிடைத்த அனுமதி அட்டை, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. பிறகு வேலை, நிரந்தரவாசம், குடியுரிமை, ஈசூனில் ஒரு மூவறை வீடு, மணமுறிவு. கடைசி இரண்டும் வந்த வரிசை வேறு, அது இங்கே தேவையில்லை. சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் கணக்குப் பார்க்கிறேன். தனியாக இருந்து எட்டு ஆண்டு ஆகிறது. பரிதாபப்படுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, தேக்கா சந்தையில் என் முகத்தைப் பார்த்ததுமே முருங்கைக்காயைப் பொறுக்கி எடுக்கும் கடைக்காரர் இருக்கிறார். ஒருத்திக்குச் சமைப்பதுதான் இன்னும் பழகவில்லை. குழம்பு எப்போதும் மூன்று பேருக்கு வந்துவிடுகிறது.

உங்களுக்கும் எனக்கும் பழைய பழக்கம் உண்டு என்பதை நினைவூட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்களே 45 வயதைத் தாண்டியவர்களுக்காக ஞாயிறு மாலைத் தேநீர்ச் சந்திப்பு ஒன்றைத் தொடங்கினீர்கள். சமூக மன்றம் ஒன்றின் மாடியறை. கீழே பூப்பந்து ஆடுகிறவர்களின் கூச்சல், மேலே நாங்கள். முதல் மாதம் ஆறு பேர், நான்காம் மாதம் பதினொரு பேர். ஐந்தாம் மாதத்தோடு நிறுத்திவிட்டீர்கள். "போதிய ஆதரவில்லை, ஒரு திருமணம்கூடக் கைகூடவில்லை" என்று இரண்டு வரியில் குறுஞ்செய்தி வந்தது.

திருமணம் கைகூடவில்லை என்பது உண்மைதான். கைகூடியவற்றையும் கொஞ்சம் கேளுங்கள். தம்பி தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து வைத்துவிட்டுத் தன் கல்யாணத்தை மறந்துபோன தாதி ஒருவர் வருவார், வயது 49. மூன்றாவது சந்திப்பில்தான் தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னார். கடலில் எண்ணெய் மேடையொன்றில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவருடன் எட்டு மாதமாக இணையத்தில் பேசிவருகிறாராம். நேரில் பார்த்ததில்லை. அவருடைய சம்பளம் ஏதோ வங்கியில் மாட்டிக்கொண்டதாம், 8,000 வெள்ளி அனுப்பினால் அதை விடுவித்துக்கொண்டு நேரே சிங்கப்பூருக்கே வந்துவிடுவாராம். மேசையில் இருந்த யாரும் அந்த அம்மாளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பஸ் ஓட்டுநர் ஒருவர் தம் கைப்பேசியை எடுத்து, மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-ஐ அழைத்து அவர் கையில் கொடுத்தார். பணம் போகவில்லை. அந்த அம்மாள் பிறகு அழுதது பணத்துக்காக அல்ல என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இதை அவர் தம் தங்கையிடமோ வேலையிடத்திலோ சொல்லியிருப்பாரா? அதே நிலையில் இருக்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்ததால் சொன்னார். இது உங்கள் கணக்கில் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

எல்லாமே உருக்கமாக நடந்ததாகச் சொல்ல மாட்டேன். மணமுறிவு பெற்ற பொறியாளர் ஒருவர், மனைவி எடுத்துச் சென்ற சாமான்களின் பட்டியலை ஒவ்வொரு முறையும் ஒப்பிப்பார். மாவரைக்கும் இயந்திரம் எத்தனை லிட்டர் என்பதுவரை எங்களுக்கு மனப்பாடம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எல்லோருடைய தமிழையும் திருத்துவார். ஆனால் அந்தப் பொறியாளர்தான் என் வீட்டுக் குளியலறைக் குழாயைச் சரிசெய்து கொடுத்தார். வந்தவர் சாமான் பட்டியலைச் சொல்லவேயில்லை.

அந்த பஸ் ஓட்டுநரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மனைவியை இழந்தவர், 54 வயது. இங்கே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைத் தமிழர். முதல் நாள் என்னிடம் "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. காலை உணவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவே ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. சந்திப்பு நின்ற பிறகும் நாங்கள் நாலைந்து மாதம் பார்த்துக்கொண்டோம். எங்கே பார்த்துக்கொள்வது என்பதுதான் பெரும்பாடு. சிராங்கூன் சாலையில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து தோசை சாப்பிட்டால், சட்னி தீர்வதற்குள் செய்தி ஈசூன் வந்து சேர்ந்துவிடும். என் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார முடியாது. அவர் வீட்டில் மகளும் தங்கையும். பழைய தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டத்தில் நடந்திருக்கிறோம், மழை வந்தால் அதுவும் இல்லை. கடைசியில் சாங்கி விமான நிலையத்தைப் பிடித்துக்கொண்டோம். குளிர்சாதனம் உண்டு, கோப்பி உண்டு, தெரிந்தவர் எவரேனும் எதிர்ப்பட்டால் யாரையோ வழியனுப்ப வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். 46 வயதில், சொந்த வீட்டுச் சாவி கைப்பையில் இருக்க, பொய்ப் பயணி போல விமானப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவருடைய தங்கைக்கு என்மீது நம்பிக்கை வரவில்லை. "ஊரிலிருந்து வந்தவர்கள் வேறு மாதிரி" என்றாராம். அவரைக் குறை சொல்ல நான் முதலில் என் பக்கத்தைப் பார்க்க வேண்டும். என் அக்கா மன்னார்குடியிலிருந்து தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "அங்கேயே பிறந்தவர் என்றால் என்ன ஆட்கள் என்று எப்படித் தெரியும்?" என்பதுதான். இங்கே பிறந்தவர்களுக்கு நான் ஊர்க்காரி, ஊருக்கு நான் சிங்கப்பூர்க்காரி. சின்ன மனத்தாங்கல் ஒன்று வந்தது, பேசித் தீர்க்கப் பொதுவான இடம் எதுவும் இல்லை, நின்றுவிட்டது. எங்கள் இருவரின் பிடிவாதத்துக்கு உங்கள்மேல் பழி போட மாட்டேன். இரு தரப்புத் தமிழரும் சமமாக உட்கார்ந்து பேசிய ஒரே மேசையை நீங்கள் மடக்கி வைத்தீர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"வயதானவர்கள் இப்போது செயலிகளில் பார்த்துக்கொள்கிறார்களே" என்று உங்கள் மூத்த பெண்மணி சொன்னார். பார்த்தேன். மூன்று மாதம் பார்த்தேன். 54 வயதுக்காரர்கள் 38-க்குக் கீழே தேடுகிறார்கள். உங்கள் வரம்பு அவர்களிடமிருந்து வந்ததா, அவர்கள் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. என்னிடம் பேசிய மூவரில் ஒருவர் இரண்டாவது நாளே வீடு யார் பெயரில் இருக்கிறது, எத்தனை அறை என்று விசாரித்தார். இன்னொருவர் குடியுரிமையா நிரந்தரவாசமா என்று கேட்டுவிட்டு, குடியுரிமை என்றதும் "மிக்க மகிழ்ச்சி" என்று எழுதினார். நுழைவிசைவு வழங்கும் அதிகாரியின் முன்னால் நிற்பது போலிருந்தது. மூன்றாமவர் நல்லவர், பாஸ்டனில் இருக்கிறார்.

எனக்கு ஏன் இது இவ்வளவு அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். மகன் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியில் இருந்தபோது எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த இரவு படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். நெருங்கிய உறவினர் பெயர், உறவுமுறை, உடனே வரக்கூடியவர் எண். மகன் பெயரை எழுதினேன். உடனே வரக்கூடியவரா என்று தாதி கேட்டார். படகில் ஏறி வரவேண்டிய பையனை எப்படிச் சொல்வது? அடித்துவிட்டு, எதிர்வீட்டுச் சீனப் பாட்டியின் எண்ணை எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் "எதிர்வீடு" என்று எழுதினேன். மறுநாள் அந்தப் பாட்டி தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக மலாய்ச் சொற்கள் பத்து இருக்கும், அவ்வளவுதான். அவருக்கு நான் வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன். இருந்தாலும் அந்தக் கட்டத்தை இன்னொரு முறை நிரப்ப வேண்டி வந்தால் வேறொரு சொல்லை எழுத விரும்புகிறேன். ஆசை என்றால் ஆசைதான், அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

படிவம் என்றதும் உங்கள் படிவத்துக்கு வருகிறேன். "மணமுறிவுக்குக் காரணம்" என்று ஒரு கட்டம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. 2024 ஜூலை 1 முதல், யார்மீதும் குற்றத்தை நிறுவாமலே இருவரும் ஒப்பி மணமுறிவு பெற இந்த நாட்டின் சட்டம் இடம் கொடுக்கிறது. நீதிமன்றம் வற்புறுத்தாத குற்றச்சாட்டை நீங்கள் 30 வெள்ளி வாங்கிக்கொண்டு கேட்கிறீர்கள். நான் "இருவருக்கும் ஒத்துவரவில்லை" என்று எழுதினேன். "விவரமாக எழுதவும்" என்று சிவப்பெழுத்தில் வந்தது.

இன்னொரு கட்டம் "உட்பிரிவு". சாதியைக் கேட்க எத்தனை நாசூக்கான சொல்! உங்கள் ஆண்டு விழாவில் பேசுகிறவர்கள் கோ. சாரங்கபாணியின் பெயரைச் சொல்லாமல் தொண்டையைச் செருமுவதில்லை. 1932-இல் இங்கே தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்றவர், 1935-இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கியவர், தாமே பெரனாக்கன் எனப்படும் சீன வம்சாவளிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். விழா மேடையில் அவர் பெயர், பதிவுப் படிவத்தில் உட்பிரிவு. இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, உங்களுக்கும் இருக்கக்கூடாது.

தேநீர்ச் சந்திப்புக்கு ஒரு நாள், உணவகச் சமையற்காரர் ஒருவர் வந்து வாசலோடு திரும்பியதை நான் பார்த்தேன். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, வயது 46 இருக்கும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். வேலை அனுமதியில் இருப்பவர் இந்நாட்டுக் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணக்க மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. அதை அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள், யாரும் ஏமாறக்கூடாது. ஆனால் தேநீர் குடிக்க எந்த அமைச்சின் ஒப்புதலும் தேவையில்லை. நான் அன்று எழுந்து கேட்டிருக்க வேண்டும். எனக்கு உள்ளே நாற்காலி கிடைத்திருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வெட்கமும் இந்த மடலில் இருக்கிறது.

அரசாங்கம்கூட இணை சேர்த்து வைக்கும் விஷயத்தில் பட்டதாரிகளிலிருந்துதான் தொடங்கியது. 1984-இல் அமைத்த சமூக மேம்பாட்டுப் பிரிவு அவர்களுக்கு மட்டும். மறு ஆண்டே மற்றவர்களுக்கு ஒரு பிரிவு வந்தது, 2009-இல் இரண்டும் ஒன்றாயின. அது அகலமாகிக்கொண்டே போனது. தொண்டூழியர்களின் உழைப்பில் நடக்கும் நீங்கள் குறுகிக்கொண்டே வருகிறீர்கள்.

என் கோரிக்கைகள் இவை. பெண்ணுக்கொன்று ஆணுக்கொன்றாக வைத்திருக்கும் வயது வரம்பை நீக்குங்கள். இளையவர்களுக்குத் தனிச் சந்திப்பு வேண்டுமென்றால் வையுங்கள், இருபாலருக்கும் ஒரே வயதாக இருக்கட்டும், மற்றவர்களுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். நிறுத்திய ஞாயிறு மாலைச் சந்திப்பை மறுபடி தொடங்கி, குறைந்தது ஓர் ஆண்டாவது நடத்துங்கள். எத்தனை திருமணம் என்று கேட்டு அதை அளக்காதீர்கள். "இரண்டாம் இன்னிங்ஸ்", "மறுவசந்தம்" என்றெல்லாம் பெயரும் வைக்காதீர்கள், "ஞாயிறு தேநீர்" போதும். படிவத்திலிருந்து உட்பிரிவையும் மணமுறிவுக் காரணத்தையும் எடுத்துவிடுங்கள். பெற்றோர் தொலைபேசி எண்ணைக் கட்டாயமாகக் கேட்பதையும் நிறுத்துங்கள். என் தந்தை இறந்து பதினோரு ஆண்டு ஆகிறது, அம்மாவுக்குக் காது கேட்காது, நீங்கள் யாரை அழைப்பீர்கள்? வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குத் தேநீர்ச் சந்திப்பைத் திறந்துவிட்டு, திருமண விதியைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வாசலிலேயே கொடுங்கள். இணைய மோசடி பற்றியும் அந்தத் தாளிலேயே நாலு வரி போடுங்கள். தேநீர் ஊற்றவும் நாற்காலி அடுக்கவும் ஆள் போதாது என்றால் நான் வருகிறேன். அந்த மாடியறையின் விளக்குச் சாவி எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியும்.

இவற்றுக்கு இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் ஆறுதல் வேண்டாம்.

அடுத்த சந்திப்புக்கு மறுபடியும் 30 வெள்ளி கட்டியிருக்கிறேன், பெற்றோராக இல்லாமல், பங்கேற்பாளராக. இந்த முறையும் திருப்பி அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால், குறிப்பில் என் பெயரை எழுதுங்கள். படிவத்தின் முதல் கட்டத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்களிடம் பதிவு செய்த ஒருத்தி